ட்ரிம் போட்டும் போகாத இடைவெளி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து மரண சகாய நிதிக்கு உறுப்பினர் பட்டியல் ஒன்று உண்டு. ஒன்று என்று சொல்வது மரியாதைக்குத்தான். உள்ளே பார்த்தால் பல கோப்புகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் கையால் உண்டானது. தோட்ட ஆபீசின் பழைய கணினியிலிருந்து எடுத்த செக்ரோல் (தொழிலாளர் பதிவேடு) பெயர்கள், பட்டணத்து போட்டோஸ்டேட் கடையில் தட்டச்சு செய்த பட்டியல், இணையப் பக்கத்து அட்டவணையிலிருந்து நகலெடுத்து ஒட்டியது, வாட்ஸ்அப் குழுவில் வந்தவை, ஒரு பிடிஎஃப். இத்தனையையும் ஒன்றாகச் சேர்த்து, யார் சந்தா கட்டியிருக்கிறார், யார் பாக்கி என்று சொல்ல வேண்டும். வேலை அவ்வளவுதான்.

இந்த நிதியில் பெயர் பிசகுவது சின்ன விஷயம் இல்லை. சந்தா கட்டி வருகிற ஒருவர் இறந்துவிட்டால் உடனே அந்த வீட்டுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். பெட்டிக்கும் பந்தலுக்கும் வண்டிக்கும் அந்தப் பணத்தைத்தான் நம்பியிருப்பார்கள். அந்த நேரத்தில் போய் 'லிஸ்ட்ல பேர் இல்லையே' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பெயர் அங்கேதான் இருக்கும். அதன் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டியிருப்பதால் கணினி அதை வேறு ஆள் என்று நினைத்திருக்கும்.

கோளாறு முதலில் தெரிந்தது பெயரில் அல்ல, பணத்தில். பொருளாளர் ஒரு காலத்தில் தோட்டத்தில் கிராணியாராக, அதாவது எழுத்தராக இருந்தவர். கையால் எழுதும் லெட்ஜரை இன்னும் விடவில்லை. லெட்ஜர் கூட்டல் ஒன்று, எக்செல் கூட்டல் ஒன்று, எக்செலில் குறைவு. "ஏன் தம்பி, கம்ப்யூட்டர் கூட்டல்ல தப்பு வருமா?" என்று கேட்டார். கூட்டலில் வராது. ஆனால் எக்செலின் சம் ஃபார்முலா, எண்ணாக இல்லாத கட்டங்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். எச்சரிக்கை, சிவப்பு நிறம் எதுவும் வராது. சந்தா நெடுவரிசையில் பல கட்டங்களில் '24.00' என்பதற்குப் பின்னால் ஏதோ ஒட்டியிருந்தது. பார்க்க 24 வெள்ளி, எக்செலுக்கு அது வெறும் எழுத்து.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கவுண்ட் எண்களை மட்டும் எண்ணும். கவுண்ட்ஏ, காலியாக இல்லாத எல்லாக் கட்டங்களையும் எண்ணும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் எழுத்தாகிக் கிடக்கும் தொகைகள். எண் வலப்பக்கம் ஒதுங்கும், எழுத்து இடப்பக்கம் ஒதுங்கும், அதைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பார்கள். யாராவது நெடுவரிசை முழுவதையும் நடுவில் நிறுத்தி அழகு பார்த்திருந்தால் அந்த அடையாளமும் போச்சு. எங்கள் கோப்பில் அப்படித்தான் இருந்தது.

"ட்ரிம் போட்டுப் பாத்துட்டேன் தம்பி, அப்பவும் போக மாட்டேங்குது" என்றார் கிராணியார். போகாதுதான். யூனிகோட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. விசைப்பலகையின் நீளமான விசையைத் தட்டினால் விழும் இடைவெளிக்கு எண் 32. எக்செலின் ட்ரிம் நீக்குவது இந்த 32 ஒன்றைத்தான். முன்னும் பின்னும் இருப்பதை எடுத்துவிட்டு, நடுவில் இரண்டு மூன்று இருந்தால் ஒன்றாக்கும். இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுக்கும்போது கூடவே வருவது 160 என்ற இன்னோர் இடைவெளி. இரண்டு சொற்கள் வரி முறிந்து பிரிந்து போகாமல் ஒன்றாக நிற்பதற்காக ஏற்பட்டது அது. பார்வைக்கு 32 போலவே இருக்கும். ட்ரிம் அதைத் தொடாது. கிளீன் என்று இன்னொரு ஃபார்முலா இருக்கிறதே என்றால், அது 0 முதல் 31 வரையுள்ள கட்டுப்பாட்டு எழுத்துகளை மட்டும் எடுக்கும். ஆக, ஒன்று 31-இல் நின்றுவிடுகிறது, மற்றொன்று 32-ஐத் தாண்டவில்லை. 160 இரண்டு கைக்கும் அகப்படாமல் உட்கார்ந்திருக்கிறது.

பண நெடுவரிசைக்கு இதற்குள்ளேயே மருந்து இருந்தது. சப்ஸ்டிட்யூட் கொண்டு 160-ஐ 32 ஆக்கி, மேலே ட்ரிம், அதற்கும் மேலே எழுத்தை எண்ணாக்கும் வேல்யூ. கூட்டல் லெட்ஜரோடு ஒத்துப்போனது. கிராணியார் லெட்ஜரை மூடவில்லை, பக்கத்தைத் திருப்பி அடுத்த வருடத்தைப் பார்க்கச் சொன்னார்.

பெயர் நெடுவரிசைக்கு இந்த வைத்தியம் பத்தாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. புதிதாக ஓர் எழுத்து அகப்படும்போதெல்லாம் சப்ஸ்டிட்யூட்டுக்குள் சப்ஸ்டிட்யூட் நுழைத்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் ஃபார்முலாவே யாருக்கும் படிக்க முடியாததாக ஆகிவிடும். அதனால் எல்லாக் கோப்புகளையும் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) மாற்றி, பைத்தான் என்ற நிரலாக்க மொழிக்கு வந்தேன். இணையத்தில் 'இடைவெளி நீக்கி' என்று ஒட்டினால் சுத்தம் செய்து தரும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. ஊரார் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் கைப்பேசி எண்ணும் உள்ள பட்டியலை அங்கே கொண்டுபோய் ஒட்டக் கூடாது. இது வீட்டுக் கணினியில், இணையம் இல்லாமலே முடிகிற காரியம்.

முதலில் எண்ணிப் பார்த்தேன்

சுத்தம் செய்யும் கட்டளை எதையும் எழுதுவதற்கு முன், கோப்புகளில் என்னென்ன எழுத்துகள் இருக்கின்றன என்று எண்ண மட்டும் ஒரு சின்ன நிரல் எழுதினேன். பைத்தானின் கவுண்டரிடம் முழு உரையையும் கொடுத்தால், எந்த எழுத்து எத்தனை தடவை வந்திருக்கிறது என்று சொல்லிவிடும். அதில் 32 முதல் 126 வரை உள்ள சாதாரண ஆங்கில எழுத்துகளையும், 2944 முதல் 3071 வரையுள்ள தமிழ்ப் பகுதியையும் கழித்துவிட வேண்டும். மிச்சம் இருப்பதுதான் விசாரணைக்குரியது. யூனிகோட்டேட்டா என்ற தொகுதி ஒவ்வோர் எழுத்துக்கும் அதிகாரப்பூர்வப் பெயரையும் வகையையும் சொல்லும். எண், பெயர், வகை, தடவை, எந்தக் கோப்பு என்று ஓர் அட்டவணை. சுத்தம் செய்யும் வேலையில் பாதி இந்த அட்டவணையைப் பார்த்து யோசிப்பதுதான்.

தனி ஒரு கட்டத்தைப் பார்க்கப் பைத்தானின் ரெப்ர் என்ற கட்டளை உதவும். தமிழுக்கு இது கைகொடுப்பதுபோல் வேறெதுவும் கொடுப்பதில்லை. தமிழ் எழுத்துகளை அப்படியே காட்டும், 160, 8203 போன்ற மறைந்திருக்கும் ஆசாமிகளை மட்டும் பின்சாய்வுக்கோடு போட்டு எண்ணாகக் காட்டும். ஆஸ்கி என்ற இன்னொரு கட்டளையைப் போட்டால் தமிழும் சேர்ந்து எண்களாகிவிடும், ஒன்றும் படிக்க முடியாது.

அட்டவணை வந்ததும் ஒன்று தெளிவானது. ஒவ்வொரு கோப்புக்கும் தனிக் குணம் இருந்தது. எந்த எழுத்து இருக்கிறது என்பதை வைத்தே அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். போட்டோஸ்டேட் கடையில் தட்டச்சு செய்த பட்டியலில் 12288 நிறைய. அது சீன எழுத்தின் அகலத்துக்கு இருக்கும் இடைவெளி. கடைக்காரர் சீனர், சீன உள்ளீட்டு முறையை அணைக்காமல் தட்டியிருக்கிறார். வாட்ஸ்அப்பிலிருந்தும் கைப்பேசித் தொடர்புகளிலிருந்தும் எடுத்த எண்களில் 8234 முன்னாலும் 8236 பின்னாலும் காவல் நின்றன. அரபு போல வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்கு நடுவே எண் புரண்டுவிடாமல் இருக்க இடப்படும் திசைக்குறிகள் அவை. எக்செலில் ஒரே கட்டத்துக்குள் ஆல்ட் எண்டர் தட்டி எழுதிய முகவரிகளில் 10. விண்டோஸ் கோப்பு ஒன்றை யாரோ அரைகுறையாக மாற்றியதில் வரிக் கடைசியில் 13. இணையத்து அட்டவணையில் 160-உம் 8203-உம், அங்கங்கே 173 என்ற மறைவு இணைப்புக்கோடும்.

இன்னொரு கோப்பில் 'பெயர்' என்ற நெடுவரிசையே இல்லை என்று பைத்தான் அடம்பிடித்தது. திறந்து பார்த்தால் முதல் நெடுவரிசையின் தலைப்பு பெயர்தான். கோப்பின் ஆரம்பத்தில் 65279 இருந்தது. எக்செல் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது முன்னால் மூன்று பைட்டுகள் வைக்கும்: 239, 187, 191. சாதாரண யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் அது முதல் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். குறியாக்கத்தை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் போதும், அது தானாக உதிர்ந்துவிடும்.

எண்ணிப் பார்க்காமல் துடைத்திருந்தால் ஒரு முக்கியமான விஷயம் கையை விட்டுப் போயிருக்கும். தோட்ட ஆபீஸ் கோப்பு, டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருளின் காலத்தது. டிபேஸில் பெயருக்கு இத்தனை எழுத்து என்று இடம் ஒதுக்கிவிட்டால், பெயர் குட்டையாக இருந்தாலும் மீதியை 32-ஆல் நிரப்பி வைக்கும். அதனால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் வாலாக இடைவெளிகள். முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்கும் பைத்தானின் ஸ்ட்ரிப் போட்டால் ஒரு நொடியில் போய்விடும். ஆனால் வால் இல்லாத பெயர்களைக் கவனியுங்கள். அவை ஒதுக்கிய இடத்தை முழுக்க நிரப்பியவை, அதாவது பெரும்பாலும் பாதியில் வெட்டுப்பட்டவை. நம் ஊரில் ரூமியில் (மலாயை எழுதும் ரோமன் எழுத்தில்) எழுதும் பெயர் நீளமானது. தன் பெயர், நடுவில் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), அப்புறம் அப்பா பெயர். அப்பா சுப்பிரமணியமாக இருந்தால் 'சுப்பிரம' என்று நின்றிருக்கும். எனவே துடைப்பதற்கு முன், வாலில் இடைவெளியே இல்லாத வரிகளைத் தனியாகக் குறித்து வைத்தேன். அந்தப் பெயர்களை முழுமையாக்கியது கிராணியாரின் ஞாபகமும் லெட்ஜரும்.

துடைக்கும் வரிசை

மூலப் பெயர் இருந்த நெடுவரிசையைத் தொடவே இல்லை. பக்கத்தில் இரண்டு புதிய நெடுவரிசைகள்: ஒன்று அச்சிடுவதற்கு, ஒன்று ஒப்பிடுவதற்கு. இதைப் பிரித்து வைத்ததால் பின்னால் பல தலைவலிகள் தீர்ந்தன.

பைத்தானில் எதுவும் குறிப்பிடாமல் ஸ்பிளிட் போட்டு (சொற்களாகப் பிரித்து), ஒற்றை இடைவெளியால் ஜாயின் செய்தால் (மீண்டும் சேர்த்தால்) 9, 10, 13, 32, 160, 12288 எல்லாம் ஒரே வீச்சில் ஒழுங்காகிவிடும். அழகான கட்டளை. ஆனால் 8203 அதற்கு இடைவெளியே இல்லை. அகலம் பூஜ்யமான அந்த எழுத்தை யூனிகோட் 'வடிவமைப்பு' வகையில் வைத்திருக்கிறது, வெற்றிட வகையில் இல்லை. இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. 'முனியாண்டி' என்ற பெயருக்குப் பின் ஒரு 32, அதற்குப் பின் ஒரு 8203 இருந்தால், ஸ்ட்ரிப் கடைசி எழுத்தைப் பார்க்கும், இது வெற்றிடம் இல்லை என்று அங்கேயே நின்றுவிடும். உள்ளே இருக்கும் சாதாரண 32 கூடப் போகாது. ஆகவே மறைந்த எழுத்துகளை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம்தான் ஸ்பிளிட்டும் ஜாயினும்.

நிரலாக்க மொழிக்கு மொழி இந்த எல்லை மாறும். பைத்தானின் ஸ்ட்ரிப் 160-ஐ எடுக்கும், 65279-ஐ எடுக்காது. ஜாவாஸ்கிரிப்டின் ட்ரிம் இரண்டையும் எடுக்கும். ஜாவாவின் பழைய ட்ரிம் 32-உம் அதற்குக் கீழும் மட்டும். ஜாவா 11-இல் வந்த ஸ்ட்ரிப் யூனிகோட் தெரிந்தது என்று பெயர், ஆனால் அதுவும் 160-ஐ விட்டுவிடும். எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் ட்ரிம் வெறும் 32. இவற்றில் ஒன்றுகூட 8203-ஐ எடுக்காது. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி ஒரு மொழியில் எழுதிய விதியை இன்னொன்றில் அப்படியே பயன்படுத்தினால் பட்டியல் இரண்டு விதமாக வரும்.

என்எஃப்கேசி என்ற யூனிகோட் ஒழுங்குமுறை 160-ஐயும் 12288-ஐயும் தானே 32 ஆக்கிவிடும், ஒரே வரியில் முடியும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது ½ போன்றவற்றையும் பிரித்துப் போடும். வீட்டு எண்ணில் அப்படி ஒன்று இருந்தால் முகவரியே மாறிவிடும். நான் சாதாரண என்எஃப்சியோடு நிறுத்திக்கொண்டேன். அது எதற்கு என்று கீழே வருகிறது.

தமிழ்ப் பெயர்கள்

மறைந்திருப்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாம் என்ற எண்ணம் தமிழ் எழுத்தில் எழுதிய பெயர்களிடம் வந்ததும் நின்றுவிடும். 8204 என்ற எழுத்தைப் பாருங்கள். 8203-க்கு அடுத்த எண், அதுவும் அகலம் இல்லாதது. ஆனால் அது குப்பை இல்லை. 'க்' என்பதற்குப் பின் 'ஷ' வந்தால் கணினி தானாக 'க்ஷ' என்று கூட்டெழுத்தாக்கும். அப்படி ஆகாமல் இரண்டும் தனித்தனியாக நிற்க வேண்டுமென்றால் நடுவில் 8204 வைப்பார்கள். ரக்ஷனா என்று பெயர் வைத்த குடும்பம் கூட்டெழுத்தாக எழுதுகிறதா, பிரித்து எழுதுகிறதா என்பது அவர்கள் விருப்பம். ரசீதிலும் மரண அறிவிப்பிலும் அவர்கள் எழுதியபடிதான் வர வேண்டும். அதனால் அச்சிடும் நெடுவரிசையில் 8204 இருக்கும், ஒப்பிடும் நெடுவரிசையில் இருக்காது. 8205-உம் இப்படித்தான். தமிழ்ப் பெயருக்கு அது தேவையில்லை. ஆனால் குறிப்பு நெடுவரிசையில் யாரோ குடும்ப எமோஜி போட்டிருந்தால் அம்மா, அப்பா, பிள்ளையை ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது 8205தான். எடுத்தால் குடும்பம் மூன்று தனித் தலைகளாகப் பிரிந்துவிடும். குறிப்பு நெடுவரிசையை நான் தொடவில்லை.

அடுத்தது பிடிஎஃப். தமிழ் பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் எழுத்துக்கும் அதன் குறிக்கும் நடுவே இடைவெளி விழுந்து கிடக்கும். 'மாரியம்மா ள்', 'க ாளியப்பன்' என்று. முதல் வகை இடைவெளியைக் கணினியால் தீர்மானிக்க முடியாது. இரண்டாவது வகையில் விதி போடலாம். தமிழில் எந்தச் சொல்லும் துணைக்காலிலோ இகர, உகரக் குறிகளிலோ புள்ளியிலோ ஆரம்பிக்காது. ஆகவே இடைவெளிக்கு அடுத்து 3006 முதல் 3010 வரையுள்ள குறிகளோ, 3021 என்ற புள்ளியோ வந்தால் அந்த இடைவெளி பொய். எடுத்துவிடலாம்.

அப்படியானால் எல்லா உயிர்க்குறிகளுக்கும் இந்த விதியை நீட்டிவிடலாமே என்று தோன்றும். கூடாது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி மூன்றும் (3014, 3015, 3016) எழுதும்போது மெய்க்கு முன்னால் நிற்பவை. பல பிடிஎஃப்கள் பார்வைக்கு எந்த வரிசையோ அதே வரிசையில் எழுத்துகளைத் தரும். 'ராமன் செல்வி' என்பது 'ராமன்', இடைவெளி, ஒற்றைக்கொம்பு, 'ச' என்று வந்து சேரும். அங்கே இடைவெளியை எடுத்தால் கொம்பு ராமனின் கடைசி எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், செல்வி 'சல்வி' ஆகிவிடுவாள். இந்த மூன்று குறிகள் வரும் வரிகளைத் தனியாகப் பிரித்து, கண்ணால் பார்த்துத் திருத்தினேன். சில பக்கங்கள்தான், ஆனால் அவசரப்பட முடியாத பக்கங்கள்.

இடைவெளி போனபின் என்எஃப்சி. 'ொ' என்ற குறியை 3018 என்று ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், 3014, 3006 என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறு. என்எஃப்சி இரண்டையும் 3018 ஆக்கிவிடும். வரிசை முக்கியம். நடுவில் இடைவெளி இருக்கும்போதே என்எஃப்சி போட்டால் சேராது, முதலில் இடைவெளி போக வேண்டும்.

என்எஃப்சிக்கும் அகப்படாதவை உண்டு. 'கௌரி' என்பதை ஒற்றைக்கொம்பு, க, ள என்ற எழுத்து என்று கெளரியாகத் தட்டியிருப்பார்கள். பார்த்தால் தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். 'ஸ்ரீ'யும் அப்படித்தான், ஸ-வை வைத்தும் எழுதலாம், 2005-இல் யூனிகோட்டில் சேர்ந்த ஶ-வை வைத்தும் எழுதலாம். இவை இடைவெளிப் பிரச்சினை இல்லை, ஆனால் அதே அட்டவணையில்தான் மாட்டின. ஒப்பிடும் நெடுவரிசைக்கு மட்டும் ஒரு சின்ன மாற்றுப் பட்டியல் வைத்துத் தீர்த்தேன்.

ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு நியாயம்

கைப்பேசிக்கு இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தூக்கிவிடலாம். முன்னால் 60 இருந்தால் 0 ஆக்க வேண்டும். 011 என்று தொடங்குபவை மொத்தம் 11 இலக்கம், மற்ற கைப்பேசி எண்கள் 10. நீளம் சரியில்லாதவை தனிப் பட்டியலுக்குப் போகும்.

ஐசி எண்ணுக்கும் இலக்கம் மட்டும் போதும், ஆனால் அதைக் கடைசி வரை எழுத்தாகவே வைத்திருக்க வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை. 12 இலக்க எண்ணை எக்செலில் சாதாரணமாகத் தட்டினால் அது அடுக்குக்குறி வடிவத்துக்குப் போய்விடும். 2001 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் எண்ணோ ஒரு பூஜ்யத்தில் ஆரம்பிக்கும், அந்த முன் பூஜ்யம் காணாமல் போகும். எந்த ஐசியின் பின்னால் 160 ஒட்டியிருந்ததோ அது எழுத்தாக நின்றதால் பூஜ்யம் தப்பியிருந்தது. சுத்தமாகத் தட்டியவைதான் கெட்டிருந்தன. ஆறாவது இலக்கத்துக்கு அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம், பேராக்கில் பிறந்தவருக்கு 08. முன் பூஜ்யம் விழுந்திருந்தால் இந்த 08 ஓரிடம் முன்னால் நகர்ந்திருக்கும். 11 இலக்கம் இருந்து 08 தவறான இடத்தில் இருந்தால் முன்னால் ஒரு பூஜ்யம் போட்டு, சரிபார்க்க வேண்டியவை என்று குறித்தேன். வயதானவர்கள் சிலருக்குப் பழைய 7 இலக்க எண் மட்டுமே பதிவாகியிருந்தது, அவற்றைத் தொடவில்லை.

முகவரியில் 10-ஐ முதலில் காற்புள்ளியாக்கிவிட்டு அப்புறம் ஸ்பிளிட். இல்லையென்றால் வீட்டு எண்ணும் தாமான் (குடியிருப்புப் பகுதி) பெயரும் ஒரே மூச்சில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊரின் அஞ்சல் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வடக்கைக் குறிக்கும் யூ என்ற எழுத்து வரும். அந்த அடைப்புக்குறிக்கு முன்னால் இடைவெளி விடுபவர், விடாதவர், உள்ளே விடுபவர், சுங்கையைச் சுருக்கி எழுதி ஒரு புள்ளி வைப்பவர் என்று எல்லா வகையும் இருந்தார்கள். நல்லவேளை, அஞ்சல் குறியீடு 31100 எல்லோருக்கும் ஒன்றுதான். அது இருந்தால் ஊர்ப் பெயரை நானே ஒரே மாதிரி எழுதிவிட்டேன்.

தோட்டத்துக்கு ஒரு நெடுவரிசை உண்டு. இன்று பலர் தாமான்களில் இருக்கிறார்கள், ஆனால் நிதியில் சேர்ந்தபோது இருந்த தோட்டம்தான் இன்னும் அடையாளம். எல்பில், ஹீவுட், டவன்பி, சங்காட் சாலாக். வாலில் இடைவெளி இருந்ததால் எல்பில் மட்டும் வடிகட்டும் பட்டியலில் மூன்று தடவை வந்தது. சுத்தம் செய்தபின் ஒன்று.

பெயரை ஒப்பிட எல்லா இடைவெளியையும், புள்ளியையும், சாய்கோட்டையும் எடுத்துவிட்டேன். 'மு. முனியாண்டி', 'மு.முனியாண்டி' இரண்டும் சேர வேண்டும். ரூமியில் ஏ/எல் நடுவே இடைவெளி விட்டதும் விடாததும் சேர வேண்டும். ஆனால் பெயர் சேர்ந்துவிட்டது என்பதற்காக ஆளைச் சேர்க்கக் கூடாது. தோட்டத்தில் முனியாண்டி மகன் ராமசாமி எத்தனை பேர்! ஐசியும் ஒத்தால் மட்டுமே நிரல் தானாகச் சேர்க்கும். பெயர் ஒத்து ஐசி இல்லாவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடித்துக் கிராணியாரிடம் கொடுத்தேன். அவர் பென்சிலால் குறிப்பெழுதினார்: "இவன் மூனாம் லயம்", "இது அவரோட தம்பி மகன்", "ரெண்டும் ஒரே ஆள், சம்சாரம் வந்து கட்டினாங்க". இந்தத் தகவல் எந்தக் கோப்பிலும் இல்லை.

ஒவ்வொரு தடவையும் நிரல் முடியும்போது சில கணக்குகளைச் சொல்லும். உள்ளே வந்த வரிகள் எத்தனை, வெளியே போனவை எத்தனை, சேர்க்கப்பட்டவை எத்தனை, கணக்கு இடிக்கிறதா. சந்தாத் தொகை முன்னும் பின்னும் ஒன்றா. எந்தப் பெயர் மாறியிருந்தாலும் பழையது ஒரு வரி, புதியது ஒரு வரி, இடைவெளி இருக்கும் இடத்தில் ஒரு நடுப்புள்ளி போட்டு, மறைந்த எழுத்துக்கு அதன் எண்ணைப் போட்டு. கிராணியாருக்கு இந்த நடுப்புள்ளிதான் பிடித்துப்போனது. "இப்பதான் கண்ணுக்குத் தெரியுது" என்றார். இப்போது அவரே அதைப் பார்த்து 'இது வெப்சைட்ல எடுத்ததா?' என்று கேட்கிறார்.

புதிய உறுப்பினர்களைக் கூகள் படிவத்தில் சேர்க்கிறோம். ஐசி கட்டத்தில் 12 இலக்கம் தவிர வேறொன்றும் ஏற்காதபடி விதி வைத்தாயிற்று. பெயர்க் கட்டத்துக்கு அப்படி விதி வைத்தால் ஆட்கள் திணறுவார்கள், அது திறந்தே இருக்கிறது. அதற்குப் பதிலாக, தெரிந்த எழுத்துகளின் பட்டியலில் இல்லாத எதுவும் வந்தால் நிரல் நின்றுவிடும், துடைக்காது, வரி எண்ணைச் சொல்லும். அண்மையில் 65532 என்று சொல்லி நின்றது. உரைக்குள் படம் இருந்த இடத்தைக் குறிக்கும் எழுத்து அது. யாரோ கைப்பேசியில் படத்தோடு சேர்த்து நகலெடுத்து, பெயரை ஒட்டியிருக்கிறார். பெயர் சரியாகவே இருந்தது. 65532 நீக்க வேண்டியவை பட்டியலில் சேர்ந்துவிட்டது.